சின்ன இன்டர்நேஷனல் ஸ்கூலில் முதல் ஆளாக யாரை எடுப்பது?

150, 200 பிள்ளைகள் படிக்கிற இன்டர்நேஷனல் ஸ்கூல்களில் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் பேசும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். படிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு ஒரு ஆள் வேண்டும், மனசு சரியில்லாத பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும், ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு சம்பளத்துக்கான பணம். கவுன்சிலரை எடுப்பதா, படிப்புக்கு உதவுகிற சிறப்பு ஆசிரியரான ஸ்பெஷல் எஜுகேட்டரை எடுப்பதா, இரண்டும் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதா, இல்லை ஆளே வேண்டாம், வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்துக்கொள்ளலாமா? சென்னையில் இந்த மாதிரிப் பள்ளிகளில் ரெமிடியல் டீச்சராக, அதாவது படிப்பில் பின்தங்குகிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பவராக வேலை பார்த்தவள் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு உதவும், பிள்ளையை இப்படி ஒரு பள்ளியில் சேர்க்க யோசிக்கிற பெற்றோருக்கும் அட்மிஷன் டேபிளில் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முழுநேரச் சம்பளம்தான் கொடுக்க முடியும் என்றால் அது ஸ்பெஷல் எஜுகேட்டருக்குப் போகட்டும். கவுன்சிலர் வாரத்தில் இரண்டு நாள் வெளியிலிருந்து வரட்டும். இரண்டு வேலையையும் சேர்த்து ஒரே ஆள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். இதற்கு விதிவிலக்கான பள்ளிகள் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொதுவாக வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கிற இடத்தில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஒரு கவுன்சிலராவது உளவியலாளராவது சமூகப் பணியாளராவது இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் வெளி நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் வாசிக்கவும் எழுதவும் சிரமம் தருகிற டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு நிதி பெறுகிற அல்லது அரசு அங்கீகாரம் உள்ள பள்ளிகள் அந்தப் பிள்ளைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்ற மாதிரி கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அதன் 16-வது பிரிவு சொல்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தையும் 2021-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆக இரண்டு பேருமே வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. யார் முழுநேரம், யார் பகுதிநேரம், யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்த வழி, இரண்டும் தெரிந்த ஒருவர். விளம்பரத்திலேயே ‘கவுன்சிலர் கம் ஸ்பெஷல் எஜுகேட்டர்’ என்று போடுவார்கள். ஸ்பெஷல் எஜுகேஷனில் பி.எட். முடித்து அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜியும் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆள் கிடைப்பதில் கஷ்டமில்லை. கஷ்டம் டைம்டேபிளில் ஆரம்பிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 பேரில் 15 பேருக்குத் தொடர்ந்து உதவி தேவை என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூன்று பேராகப் பிரித்தால் ஐந்து குழு என்று காகிதத்தில் வரும், ஆனால் வகுப்புக்குப் பத்துப் பேர் இருக்கிற பள்ளியில் ஒரே வகுப்பில் ஒரே நிலையில் இருக்கிற மூன்று பேர் எங்கே கிடைப்பார்கள், அதனால் நடைமுறையில் ஏழெட்டுக் குழு ஆகிவிடும். குழுவுக்கு வாரம் மூன்று பீரியட் என்றால் 24. வாரத்துக்கு 40 பீரியட் இருக்கிற பள்ளியில் மிச்சம் 16. அந்தப் பதினாறில்தான் வகுப்புக்குள் போய்ப் பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும், ஒவ்வொரு சப்ஜெக்ட் டீச்சரோடும் பேச வேண்டும், ஒர்க்‌ஷீட் தயாரிக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கற்றல் திட்டமான ஐ.இ.பி. எழுத வேண்டும், பெற்றோரைப் பார்க்க வேண்டும். வாரம் இதிலேயே நிரம்பிவிட்டது.

இப்போது காலை 10.40-க்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள், வெளியே வர மாட்டேன் என்கிறாள் என்று ஆயாம்மா ஓடி வந்து சொல்கிறார். போகாமல் இருக்க முடியுமா, போகத்தான் வேண்டும். மூன்றாம் வகுப்பு ரீடிங் குழு அன்றைக்கு ரத்து. ரெமிடியல் வகுப்பு என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே பலிக்கிற வேலை. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற ஆர்டன்-கில்லிங்ஹாம் முறையில் ஒரு ஒலியை இன்றைக்குக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதிப் பழகுகிற பிள்ளை நாளைக்கும் நாளன்றைக்கும் அதையே செய்தால்தான் அது நிற்கும். மூன்று பீரியடில் இரண்டு போய்விட்டால் அந்த வாரம் முழுவதும் போன மாதிரிதான். அவசர வேலையும் அன்றாட வேலையும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்போதும் அவசரம்தான் ஜெயிக்கும், டிசம்பரில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் ‘ஐந்து மாதமாக என்ன நடந்தது’ என்று பெற்றோர் கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு வேலையும் நேர் எதிரான குணம் உள்ளவை. படிப்பு உதவி என்பது எல்லாரிடமும் சொன்னால்தான் நடக்கும். இந்தப் பையனுக்குப் போர்டைப் பார்த்து எழுத வராது என்பது கணக்கு டீச்சருக்குத் தெரிய வேண்டும், மியூசிக் டீச்சருக்குத் தெரிய வேண்டும், அவனோடு பஸ்ஸில் வருகிற அக்காவுக்கும் ஓரளவு தெரிய வேண்டும். கவுன்சிலிங் யாரிடமும் சொல்லாமல் இருந்தால்தான் நடக்கும். காலையில் உன்னைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் ஆறு பேரிடம் பேசியவர் மத்தியானம் ‘நீ சொல்வது என்னோடு இருக்கும்’ என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்படி நம்பும்? தன்னால் வாசிக்க முடியாத பக்கத்தைத் தினமும் வாசிக்கச் சொல்கிறவரிடமே போய், வாசிக்க வராததால் எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லுமா? சில பிள்ளைகள் சொல்லும், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் ஒரு பள்ளியின் ஏற்பாட்டைக் கட்ட முடியாது.

சின்னப் பள்ளியில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். டீச்சர்களின் பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள், கவுன்சிலரும் பிரின்சிபாலும் ஒரே டேபிளில் சாப்பிடுகிறார்கள், யார் எந்த ரூமுக்குள் போனார்கள் என்பது மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் கவுன்சிலர் வெளி ஆளாக இருப்பது நல்லது என்கிறேன். ஸ்டாஃப் ரூம் பேச்சில் இல்லாதவர், யாருடைய பிரமோஷனிலும் அக்கறை இல்லாதவர், சாயங்காலம் வேறு ஊர்ப்பக்கம் போய்விடுகிறவர். ஸ்பெஷல் எஜுகேட்டருக்கோ இதே காரணம் தலைகீழ். ஸ்டாஃப் ரூமில் தினமும் இருந்து, டீ குடிக்கிற நேரத்தில் ‘நாளைக்கு ஹிஸ்டரி டெஸ்ட்டாமே, அவனுக்கு மட்டும் கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் எடுத்துவிடலாமா’ என்று கேட்கிறவராக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

சரி, இரண்டு பேரையுமே வெளியிலிருந்து வரவழைத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாரையும் எந்தச் சின்னப் பள்ளியும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது, அந்த அளவில் இந்த வழி தவிர்க்க முடியாதது. சென்னையில் இதற்கு வசதியும் இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991-இலிருந்து இயங்குகிறது, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பு இருக்கிறது. ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நீப்மெட் நிறுவனம் இருக்கிறது, தனியார் கிளினிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்தை, பிள்ளைக்கு என்ன சிரமம் என்று மதிப்பிடுகிற அசெஸ்மெண்ட்டுக்கு அங்கே போகச் சொல்லலாம். ஈ.சி.ஆர். பக்கத்துப் பள்ளிகளுக்கு அது கூப்பிடு தூரம்.

ஆனால் வெளி நிபுணரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்றால், ரிப்போர்ட் வரும், வேலை நடக்காது. பக்கம் பக்கமாக ஒரு அசெஸ்மெண்ட் ரிப்போர்ட், பாதிக்கு மேல் ஸ்கோர் டேபிள், கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள்: முன் வரிசையில் உட்கார வைக்கவும், கூடுதல் நேரம் கொடுக்கவும், காப்பி எழுதுவதைக் குறைக்கவும். பத்துப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தால் அந்தக் கடைசிப் பக்கம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அது ஆபீஸ் ஃபைலில் போய் உட்கார்ந்துவிடும், வகுப்பு டீச்சர் கண்ணிலேயே படாது. நிபுணர் வியாழக்கிழமை வருவார், 45 நிமிடம் பிள்ளையைப் பார்ப்பார், போய்விடுவார், வெள்ளிக்கிழமை சயின்ஸ் டீச்சர் அதே பிள்ளையை எழுப்பி நிறுத்தி இரண்டாவது பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்.

பள்ளிக்குள்ளேயே ஒருவர் இருந்தால் அந்த ரிப்போர்ட் அரைத்தாளாக மாறும். நான் எழுதிக் கொடுக்கிற அரைத்தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும். ‘போர்டைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டாம், அச்செடுத்துக் கொடுங்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், வாசிக்க வைக்க விரும்பினால் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வீட்டில் பழகிக்கொண்டு வருவான். கணக்குப் பாடத்தில் 20 கேள்விக்குப் பதில் 10 போதும், ஆனால் அந்தப் பத்தில் கஷ்டமான இரண்டும் இருக்கட்டும், அவனுக்குக் கணக்கு வரும். சயின்ஸில் ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்க வேண்டாம். எழுதினால் மூன்று வரி, வாயால் கேட்டால் முழுப்பாடமும் சொல்வான், கேளுங்கள்.’ இவ்வளவுதான். லாமினேட் செய்து அந்தந்த டீச்சரின் பிளானருக்குள் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வகுப்புக்குள் போய் எது நடக்கிறது எது நடக்கவில்லை என்று பார்ப்பேன். நடக்காத இடத்தில் டீச்சர் மேல் தப்பு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அந்தப் பாடத்துக்கு அந்த யோசனை பொருந்தியிருக்காது, மாற்ற வேண்டும். இந்த மாற்றுகிற வேலையை வியாழக்கிழமை மட்டும் வருகிறவரால் செய்ய முடியாது.

ஷேடோ டீச்சர் என்று இன்னொரு வழி. பள்ளி கட்டணம் போகப் பெற்றோரே தனியாக ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைப்பது. பள்ளிக்குச் செலவே இல்லை என்பதால் சின்னப் பள்ளிகள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்கின்றன, சில இடங்களில் அட்மிஷனுக்கே அது நிபந்தனை. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்கள் இப்படி ஒருவர் கட்டாயம் வேண்டியிருக்கும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஷேடோ வந்ததும் வகுப்பு டீச்சர் மெல்ல அந்தப் பிள்ளையிடமிருந்து விலகிவிடுகிறார், மற்ற பிள்ளைகள் அவனிடம் கேட்க வேண்டியதை ‘ஆன்ட்டி, அவன் விளையாட வருவானா’ என்று ஷேடோவிடம் கேட்கிறார்கள், டிபன் பாக்ஸைத் திறப்பதிலிருந்து பதில் சொல்வது வரை அவரே செய்துவிடுகிறார். பெரும்பாலும் பயிற்சி இல்லாதவர்கள், குறைந்த சம்பளம், நடு வருடத்தில் போய்விடுவார்கள், பிள்ளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஷேடோ வேண்டும் என்றால் எந்த மாதம் எந்த பீரியடிலிருந்து விலகத் தொடங்குவார் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள், அவரைக் கண்காணிக்கிறவர் பள்ளியின் ஸ்பெஷல் எஜுகேட்டராக இருக்கட்டும். ஒரு பள்ளியில் நான்கைந்து குடும்பங்கள் தனித்தனியாக ஷேடோவுக்குக் கொடுக்கிற பணத்தைக் கூட்டிப் பார்த்தால், தகுதியுள்ள ஒருவரை நிரந்தரமாக வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி தானாக வரும். அதைப் பெற்றோர்கள் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும்.

வாரம் ஒரு பீரியட் வீடியோ போட்டு உணர்ச்சிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிற ரெடிமேட் வெல்னஸ் பாக்கேஜ்களும் விற்கிறார்கள். ஆள் இருக்கிற பள்ளியில் அது துணைக்கு உதவும். ஆளுக்குப் பதிலாக அதை வாங்காதீர்கள், அழுகிற பிள்ளைக்கு வீடியோ பதில் சொல்லாது.

ஸ்பெஷல் எஜுகேட்டர் முழுநேரமாக உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வந்தபடி இருக்கின்றன, ஜப்பானிய நிறுவனங்களோடு ஜப்பானியக் குடும்பங்களும் வந்தன. அதோடு வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பி வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள். இந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால் அது டிஸ்லெக்ஸியாவா, இல்லை மொழி புதிது என்பதாலா? கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னது இந்தத் துறையில் எல்லாருக்கும் பழக்கம்: விளையாட்டு மைதானத்தில் பேசுகிற அளவு மொழி ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தகத்தை வாசித்துப் புரிந்து எழுதுகிற அளவு மொழி வர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். மைதானத்தில் சரளமாகப் பேசுகிற பிள்ளை வகுப்பில் தடுமாறுவதைப் பார்க்கிற டீச்சர் ‘இவனுக்கு ஏதோ பிரச்சினை’ என்று முடிவு கட்டிவிடுகிறார், அது பல தடவை தவறான முடிவு.

கொரியப் பிள்ளை என்றால் அம்மாவை வரச் சொல்லி ஒரு கொரியக் கதைப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்வேன். எனக்கு அந்த மொழி தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளை ஓட்டமாக வாசித்து நடுவில் சிரித்தால் டிஸ்லெக்ஸியா பற்றி அப்போதைக்கு மறந்துவிடலாம். தன் மொழியிலும் எழுத்தெழுத்தாக இழுத்தால், ஏற்கெனவே வாசித்த வரிக்கே கண் திரும்பத் திரும்பப் போனால், அப்போது யோசிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த வழி பல நேரம் அடைபட்டுக் கிடக்கிறது, ஏனென்றால் வீட்டில் தமிழ் பேசினாலும் இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்ந்த பிள்ளை தமிழ் எழுத்தையே படித்திருக்காது. எழுதத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ல, ள, ழ குழப்பத்தைவிட ‘கொ’, ‘கை’ போன்றவற்றைக் கவனிப்பேன், முன்னால் எழுதுகிற கொம்பைப் பின்னால் ஒலிக்க வேண்டிய அந்த இடத்தில் சில பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலும் தடுமாறிக்கொண்டே இருப்பார்கள். எழுதவே தெரியாத பிள்ளையிடம் வாயால்தான் பார்க்க வேண்டும்: ‘மரம்’ என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, ‘பட்டம்’ போலவே ஒலிக்கிற இன்னொரு சொல் சொல்லு. இதிலேயே திணறினால் ஆங்கிலம் மட்டும் காரணம் இல்லை. இப்படி ஒரு பிள்ளையை ஒரு டெர்ம் முழுவதும் பக்கத்திலிருந்து பார்க்காமல் அசெஸ்மெண்ட்டுக்கு அனுப்பினால், ஆங்கிலத்தில் நடத்துகிற டெஸ்ட் மொழி தெரியாததையே குறைபாடு என்று காட்டும் ஆபத்து இருக்கிறது.

பரீட்சைக்கும் இது தொடர்புடையது. கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் கூடுதல் நேரம், வாசித்துக் காட்ட ஒருவர், எழுதித்தர ஒருவர் என்று வசதிகள் உண்டு, ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) தேர்விலும் உண்டு. கூடுதல் நேரம் பொதுவாக 25 சதவீதம். ஆனால் அந்த வசதி அந்தப் பிள்ளை பள்ளியில் வழக்கமாகப் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் எதிர்பார்க்கிறது. பத்தாம் வகுப்பில் திடீரென்று ரிப்போர்ட் வாங்கிப் போட்டால் போதாது, ஏழு எட்டாம் வகுப்பிலிருந்தே டெஸ்ட்டுகளில் கூடுதல் நேரம் கொடுத்து அதை யாராவது பதிவு செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். அந்த ‘யாராவது’ சம்பளப் பட்டியலில் இருக்கிற ஒரு ஆள். சி.பி.எஸ்.இ.யில் கணக்கு வேறு: மணிக்கு 20 நிமிடம் வீதம் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், இரண்டு மொழிக்குப் பதில் ஒரே மொழி எடுக்கும் சலுகையும் உண்டு. இன்டர்நேஷனல் ஸ்கூலில் பத்து முடித்துவிட்டு சி.பி.எஸ்.இ.க்கோ தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.ஸுக்கோ மாறுகிற குடும்பங்கள் நிறைய. அங்கே தனியார் ரிப்போர்ட் போதாமல் போகலாம், அரசுச் சான்றிதழ் கேட்கலாம், கல்லூரி நுழைவுத் தேர்வுகளிலும் அதேதான். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. கார்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோருக்கு நினைவூட்டுவதும் இந்த ஆளின் வேலைதான்.

அப்புறம் அந்த இரண்டு நாள் கவுன்சிலர். எந்த இரண்டு நாள் என்பது முக்கியம். திங்களும் வியாழனும் என்பேன். சனி ஞாயிறில் வீட்டில் நடந்தது திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கு வந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு நாள் வைத்தால் மீதி வாரம் முழுக்க யாரும் இல்லாமல் போய்விடும். ரூமைப் பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவோடு வைக்காதீர்கள், லைப்ரரிக்குப் பின்னால் வையுங்கள், அங்கே எல்லாரும் எதற்காகவோ போவார்கள். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கூடவே கூடாது. பி.டி. பீரியடில் இழுக்காதீர்கள், மனசு சரியில்லாத பிள்ளைக்கு ஓடி விளையாடுகிற அந்த 40 நிமிடமும் தேவை.

ரகசியம் என்பதற்கு எல்லை உண்டு என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிய வந்தால் 2012-இன் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவிப்பது கட்டாயம், பள்ளியின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசித் தீர்க்க எந்தப் பிரின்சிபாலுக்கும் அதிகாரம் இல்லை. கவுன்சிலர் வெளி ஆளாக இருப்பது இந்த இடத்திலும் உதவுகிறது, அவர் சம்பளத்துக்குப் பயந்து மௌனமாக இருக்க வேண்டியதில்லை.

கவுன்சிலர் இல்லாத மூன்று நாள் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி, இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதுதான். ஹோம்ரூம் டீச்சர் காலையில் பத்து நிமிடம் அட்டெண்டன்ஸுக்கு மேல் ஏதாவது பேச வேண்டும், யார் சாப்பிடவில்லை, யார் இரண்டு நாளாக யாரோடும் சேரவில்லை என்பது பத்துப் பேர் வகுப்பில் கவனித்தால் தெரியும், இது பெரிய பள்ளிகளுக்குக் கிடைக்காத வசதி. டீச்சர் கவுன்சிலிங் செய்ய வேண்டாம், அறிவுரையும் வேண்டாம், கேட்டுக்கொண்டு, ‘இதை நான் ஒருத்தரிடம் சொல்லியாக வேண்டும், உன்னோடேயே இருந்து சொல்கிறேன்’ என்று சொல்லத் தெரிந்தால் போதும். இதற்கான பயிற்சியை வருடத்துக்கு இரண்டு முறையாவது எல்லா ஊழியர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அந்த 2025 வழிகாட்டுதலிலும் இருக்கிறது. அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, யார் கூட்டிக்கொண்டு போவது, கவுன்சிலரை எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். மனநல உதவிக்கான டெலி-மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கான சைல்ட்லைன் 1098 என்ற எண்களைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். 14416-இல் தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

சின்னப் பள்ளிகளில் கவுன்சிலர் வேலையில் பாதி இரண்டு விஷயம்தான் என்று எனக்குத் தோன்றும். ஒன்று நட்பு முறிவது. ஒரே செக்‌ஷன், எட்டுப் பேர், அதில் பெண் பிள்ளைகள் மூன்று பேர், மூவரில் இருவர் சேர்ந்துகொண்டால் மூன்றாவது பிள்ளைக்கு அந்த வருடம் முழுக்கப் போக்கிடம் இல்லை. பெரிய பள்ளியில் செக்‌ஷன் மாற்றிவிடலாம், இங்கே முடியாது. இன்னொன்று பிரிவு. கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கும், ஜப்பானில் ஏப்ரலில், அதனால் ஆகஸ்டில் ஆரம்பித்த நம் வகுப்பிலிருந்து பிப்ரவரி மார்ச் வாக்கில் திடீரென்று இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள். போகிற பிள்ளைக்கு கேக் வெட்டி அனுப்புவார்கள், இருக்கிற பிள்ளையை யாரும் கேட்பதில்லை. மூன்று வருடத்தில் மூன்று உயிர்த்தோழிகளை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு இனிமேல் யாரோடும் நெருங்கிப் பழக மாட்டேன் என்று முடிவெடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கிளம்புகிற தேதி தெரிந்ததுமே கவுன்சிலர் அந்த வகுப்போடு உட்கார வேண்டும்.

விதிவிலக்கு என்று சொன்னேன் அல்லவா. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு மாதிரி ஊர்களில் ஹாஸ்டலோடு இருக்கிற பள்ளி என்றால் என் கணக்கு அப்படியே மாறும். அங்கே கவுன்சிலர்தான் முதலில், அதுவும் வளாகத்திலேயே தங்குகிறவராக. அழுகை வருவது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அந்த நேரத்தில் மலையேறி யாரும் வர மாட்டார்கள், ரெமிடியல் வகுப்பைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டும் ஆன்லைனிலும் ஓரளவு சமாளிக்கலாம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் நடத்துகிற பள்ளிக்கும் கவுன்சிலர் முதலில் என்பேன், ஏனென்றால் வாசிப்பைக் கற்றுக்கொடுக்கிற வயது தாண்டிவிட்டது, பரீட்சை வசதிகளைப் பார்த்துக்கொள்ளப் பகுதிநேர ஆள் போதும். பிள்ளையையோ டீச்சரையோ இழந்து ஒரு வருடம் ஆகாத பள்ளியும் அப்படித்தான். மற்றபடி எல்.கே.ஜி.யிலிருந்து நடக்கிற பகல் நேரப் பள்ளிக்கு ஸ்பெஷல் எஜுகேட்டர்தான், ஏனென்றால் பன்னிரண்டு வயதில் மனமுடைந்து கவுன்சிலர் அறைக்கு வருகிற பல பிள்ளைகளுக்கு ஏழு வயதில் வாசிக்க வராமல் போனதில்தான் அது ஆரம்பித்திருக்கும்.

ஸ்பெஷல் எஜுகேட்டரை எடுக்கும்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள், பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். சர்டிஃபிகேட்டோடு நிறுத்தாமல் ஒரு பிள்ளைக்கு 20 நிமிடம் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். அவர் முன்பு எழுதிய ஐ.இ.பி. ஒன்றைப் பெயரை மறைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் ‘வாசிப்பில் முன்னேற்றம்’ என்று இருந்தால் யோசியுங்கள், ‘நிமிடத்துக்கு 40 சொல்லிலிருந்து டிசம்பருக்குள் 60’ என்கிற மாதிரி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரும் அட்மிஷன் சமயத்தில் இதே தாளைக் கேட்கலாம், தப்பே இல்லை. வேலைக்கு எடுத்த பிறகு நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரிலேயே எழுதிவிடுவது உத்தமம். யாராவது டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்பை ‘அவங்க ஃப்ரீயாத்தானே இருக்காங்க’ என்று ஸ்பெஷல் எஜுகேட்டருக்குத் தள்ளக்கூடாது. சப்ஸ்டிட்யூஷன் ஷீட்டில் அவர் பெயர் வரவே கூடாது.